கடலை மறித்த தோட்டம்: கேரித் தீவின் சரித்திரம்

மலேசியாவின் கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்குமிடத்தில், மா மெரி என்னும் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கேரித் தீவின் சரித்திரத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர்த் தோட்டம் எழுப்பிய எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் துரையின் பெயரிலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அத்தீவைச் சூழ்ந்த மண்கரையிலிருந்தும், கரையின் இடையிடையே அமைந்த மதகுகளிலிருந்தும் தொடங்குவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், மதில் சூழ்ந்த நந்தவனத்தைப் போல, இத்தோட்டமும் தன் எல்லைக்கரையினாலேயே ஜீவித்தது.

வெள்ளுவா, காருவா நாட்களில் இக்கரையோரத்தில் ஓதம் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயர்ந்து தாழும். ஆகையால், கண்டற்காட்டை வெட்டிக் கரையிட்டு, ஓதம் ஏறும்போது தாமே மூடிக்கொண்டு வற்றும்போது திறந்து உள்நீரை வெளிவிடும் மதகுகளை அமைத்து, அவற்றை நோக்கி எண்ணற்ற வாய்க்கால்களை வெட்டினாலன்றி அங்கே ஒரு பால்மரமும் வேரூன்றியிராது. கரை ஓரிடத்தில் உடைந்தால் உப்புநீர் நிரைகளுள் புகுந்துவிடுமாதலால், அதனைப் பேணுவது ஓயாத உழைப்பாயிற்று.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் மூலம் சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களுக்கு வந்த தமிழர், லயங்களில் குடியேறி, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, காட்டையும் சேற்றையும் நோயையும் ஒருங்கே எதிர்கொண்டனர். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பில் வடிகால் வெட்டுவதே மலேரியாவைத் தணிக்கும் மார்க்கம் என்று அங்கே நிரூபித்தது வைத்திய சரித்திரத்தில் பிரசித்தம். அவ்வடிகால்களை வெட்டிய கரங்களைப் பற்றி அச்சரித்திரம் பேசுவது சொற்பம். அக்கரங்களுக்குரியோர் ஊமைகளும் அல்லர்: 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியோடு, துரை எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் அவமானம் ஒழியவேண்டும் என்றும் அவர்கள் கோரினர்; அதற்கு அரசாங்கம் அளித்த விடை துப்பாக்கிச் சூடும், தலைவர் ஆர். எச். நாதனை நாடுகடத்தியதுமேயாகும்.

ரப்பருக்குப் பின் செம்பனை செழித்த காலத்தில் கரையின் பொருளே மாறிற்று. கடலடிச் சேற்றில் உறைந்துகிடக்கும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது, நீருக்கடியில் இருக்கும்வரை சாதுவாயிருந்து, மண் அளவுக்குமேல் வற்றிக் காற்றுப் பட்டவுடன் கடும் அமிலமாக மாறி வேரை வாட்டுகிறது. இதனை மண்ணியலார் ஆராய்ந்தறிந்த பின், நீரை வெளியேற்றுவதற்கென்றே வெட்டிய வாய்க்கால்களில் அதைத் தேக்கிவைத்து, அமிலச் சேற்றை நனைத்தபடியே வைத்திருக்கும் முறை கையாளப்பட்டது. வெளியே உப்புநீரைத் தடுத்து, உள்ளே நன்னீரைத் தாங்கும் இவ்விரட்டைக் காவலே இத்தோட்டக் கலையின் உன்னதமான பகுதி என்பேன்.

செம்பனைக்கு ரப்பரளவு ஆட்கள் தேவைப்படாமையால் கரையோரத் தோட்டக் குடும்பங்கள் பல கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் பெயர்ந்தன. தீவின் தோட்டங்களும் 2007ஆம் ஆண்டில் நடந்த தோட்டக் கம்பெனிகளின் இணைப்பில் சைம் டார்பி கம்பெனியின் உடைமையாயின. புதிய துறைமுகத்துக்குரிய இடமாக இத்தீவு பேசப்படும் இந்நாளில், கரை வெட்டியோரின் பெயர்களும் நாட்கூலியும் பதிந்த செக்ரோல் ஏடுகள் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அவற்றைத் தேடித் தொகுப்பதே ஆய்வாளரின் முதற்கடமை.