ஒரே அப்பம், ஒரே உடல்: ஒன்றிப்பின் பந்தி



ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்தைக் கடைப்பிடிக்கிறோம். இவ்வழக்கம் 1908இல் தொடங்கியது. அந்நாள்களில் பல சபையினரும் கூடி ஒரே இறைவார்த்தையைக் கேட்கிறோம். ஆனால் ஞாயிறு வந்ததும் அவரவர் கோவில், அவரவர் திருப்பந்தி. தாய் கத்தோலிக்கர், தந்தை லுத்தரன் சபையினர் என்ற வீட்டில், "அப்பா ஏன் நற்கருணை வாங்கவில்லை?" என்று குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வது?

பவுலடியார் காட்டும் வழி

அப்பம் ஒன்றே, அதில் பங்குபெறுவதால் பலராகிய நாம் ஒரே உடலாகிறோம் என்கிறார் புனித பவுல் (1 கொரி 10:17). அடுத்த அதிகாரத்திலேயே அவர் கொரிந்தியரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்பது அவர் தீர்ப்பு (1 கொரி 11:20-22). நற்கருணை நம்மை ஒன்றாக்குகிறது. அதே வேளையில், நாம் ஒன்றாக இருக்கிறோமா என்று நம்மைக் கேள்வியும் கேட்கிறது.

நம் மண்ணில் எழுந்த கேள்வி

இந்தக் கேள்வி பண்ருட்டிக்கு அருகிலேயே ஒரு சபையின் தொடக்கத்துக்குக் காரணமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் சீர்திருத்த சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், திருவிருந்தில் ஒரு சாராருக்குப் பின்னரே மறு சாரார் வருவதும் வழக்கமாக இருந்தன. ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் இவற்றைக் கைவிடுமாறு ஆணையிட்டார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. லுத்தரன் லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுலோ சாதியைச் சமுதாய வழக்கமாகக் கருதிப் பொறுமை காட்டச் சொன்னார். இதை ஏற்காத மறைபரப்பாளர் கார்ல் ஓக்ஸ் அந்த மிஷனை விட்டு விலகினார். 1860களின் தொடக்கத்தில், கடலூர் - பண்ருட்டி வழியிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' என்ற பணித்தளத்தை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு இணைந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் இதுவே.

நம் வீட்டிலும் சுவர் இருந்தது

இதைப் பிற சபையின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் உயர்மறைமாவட்டத்தின் புதுச்சேரியில், கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அம்மக்கள் முறையிட்டதால் அது இடிக்கப்பட்டதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். கற்சுவர் இடிந்தாலும் மனச்சுவர் எளிதில் இடிவதில்லை. தலித் கிறிஸ்தவருக்கு எதிரான பாகுபாடு இன்றும் திருச்சபைக்குள் இருப்பதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை ஏட்டில் ஒப்புக்கொண்டது.

திருச்சபையின் போதனை

அப்படியானால் எல்லாச் சபையினரும் இன்றே ஒரே அப்பத்தை உண்ணலாமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஒன்றிப்பு பற்றிய ஏட்டில் இரண்டு உண்மைகளைச் சேர்த்துச் சொல்கிறது. திருவருட்சாதனம் ஒற்றுமையின் அடையாளம். ஆகவே விசுவாசத்தில் முழு ஒன்றிப்பு இல்லாதபோது பொதுவாகப் பகிர்வது தகாது. அது அருளின் ஊற்று. ஆகவே சில வேளைகளில் பகிர்வு பரிந்துரைக்கப்படுகிறது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 844ஆம் சட்டம் இதை விளக்குகிறது. கீழைத் திருச்சபையினர் தாமே விரும்பிக் கேட்டு, தகுந்த மனநிலையில் இருந்தால் நற்கருணை பெறலாம். லுத்தரன் போன்ற பிற சபையினருக்கு மரண ஆபத்திலோ, ஆயரால் ஏற்கப்பட்ட கடும் தேவையிலோ மட்டுமே வழி உண்டு. அவர்கள் தம் சபைப் பணியாளரை அணுக இயலாதவராய், தாமே கேட்பவராய், நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படுத்துபவராய், தகுந்த மனநிலை உடையவராய் இருக்க வேண்டும். இது பிறரை இழிவுபடுத்தும் சட்டம் அல்ல. இல்லாத ஒற்றுமையை இருப்பதாகக் காட்டிப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பதே இதன் கருத்து.

குழந்தைக்கும் இதையே சொல்லலாம்: "அப்பாவும் இயேசுவை நேசிக்கிறார். நம் சபைகள் இன்னும் முழுமையாக ஒன்றாகவில்லை. அதற்காகத்தான் செபிக்கிறோம்."

நடந்து வந்த தூரம்

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாகி ஒரே திருவிருந்தில் அமர்ந்தனர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. இறைவார்த்தையின் பந்தியில் இன்று நாம் ஒன்றாக அமர்கிறோம். 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்ட் நகரில் திருத்தந்தை பிரான்சிசும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவரும் கையெழுத்திட்ட அறிக்கை, வாழ்வு முழுவதையும் பகிர்ந்தும் திருப்பந்தியைப் பகிர முடியாத தம்பதியரின் வேதனையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

நாம் செய்யக்கூடியது

விசுவாசக் கோட்பாட்டால் வந்த பிரிவு ஒரே நாளில் தீராது. அதற்குச் செபமும் உரையாடலும் பொறுமையும் வேண்டும். ஆனால் சாதியால் வந்த பிரிவுக்கு எந்த இறையியல் காரணமும் இல்லை. அதற்குப் பொறுமை காட்டவும் தேவையில்லை. திருவிழா அன்னதானத்திலும், கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் தெருவிலும் நம் சகோதரரைப் பிரித்துவிட்டு, பீடத்தின் முன் ஒரே அப்பத்துக்குக் கைநீட்ட முடியுமா?

பண்ருட்டிப் பலாவில் சுளைகள் பல, பழம் ஒன்று. அடுத்த ஞாயிறு நற்கருணை பெற எழும்போது, நமக்கு முன்னும் பின்னும் வரிசையில் நிற்பவர் யாரென்று ஒருமுறை பார்ப்போம். அவரும் அதே உடலின் உறுப்பு. அவரை ஏற்காமல் அந்த உடலை ஏற்க முடியாது.