கொள்ளியும் தைலமும்: சேலத்து மலைகளின் சந்தனம்

புறநானூற்றின் 108ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பைச் சொல்ல வரும்போது ஒரு குறத்தியின் அடுப்பிலிருந்து தொடங்குகிறார். அவள் எரித்த விறகு சந்தனம். அதன் புகை பக்கத்துச் சாரலில் பூத்து நிற்கும் வேங்கைக் கிளைகளுக்கிடையே பரவுகிறது. பாட்டின் நோக்கம் பாரியின் கொடை. ஆனாலும் வாசித்து முடித்த பிறகு மனத்தில் நிற்பது அந்த அடுப்புதான். மலையில் வாழ்பவளுக்குச் சந்தனம் விறகு, அவ்வளவே. அது மணக்கிறது என்பதைக் கவனிப்பவர் கீழேயிருந்து வந்த புலவர்.

மலையை விட்டு இறங்கியதும் அதே மரம் வேறு பொருளாகிவிடுகிறது. நெடுநல்வாடையில் கூதிர் காலத்துக் குளிரில் வடநாட்டிலிருந்து வந்த வட்டக்கல்லும் தென்திசைச் சந்தனமும் பயனற்றுக் கிடக்கின்றன. குளிரில் யாரும் சாந்து பூசிக்கொள்வதில்லை. கல் வடக்கேயிருந்து, கட்டை தெற்கேயிருந்து. இரண்டும் கூடும் இடம் செல்வர் மாளிகை. சந்தனம் வணிகப் பொருளாக இருந்ததற்கும், உடற்சூட்டைத் தணிக்கும் பொருளாக அறியப்பட்டதற்கும் ஒரே இடத்தில் கிடைக்கும் பழைய சான்று இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இக்கட்டுரை சேலம், நாமக்கல் சமவெளியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் பற்றியது. வல்வில் ஓரியின் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன், அதற்கப்பால் சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது. காய்ந்த இலையுதிர் காடுகளும் முட்புதர்களும் நிறைந்த இம்மலைச் சரிவுகள் சந்தனத்துக்கு இயல்பான இடம். இம்மலைகளில் பெரும்பாலானவற்றில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்பது அவர்களின் தொல்கதை.

சமவெளியில் சந்தனத்தின் பயன் முதலில் வெயிலோடு சம்பந்தப்பட்டது. சித்திரை, வைகாசியில் நாமக்கல் பாறையின் சூட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேர்க்குரு, தலைவலி, கட்டி, முகப்பரு எல்லாவற்றுக்கும் கல்லில் இழைத்த விழுதுதான் முதல் மருந்து. பன்னீரில் குழைப்பதும் எலுமிச்சைச் சாற்றில் குழைப்பதும் வீட்டுக்கு வீடு மாறும். கோயிலிலும் இதே தர்க்கம்தான். கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சந்தனக்காப்பு சாத்துவதைப் பார்க்கும்போது, பதினெட்டடி உருவத்துக்கு எவ்வளவு விழுது வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை.

விழுது வேறு, தைலம் வேறு. சித்த மருத்துவத்தில் தைலம் என்றால் பெரும்பாலும் நல்லெண்ணெயில் சரக்குகளைச் சேர்த்துக் காய்ச்சுவது. தலைமுழுக்குக்கான சந்தனாதித் தைலம் அந்த வகை. கட்டையிலிருந்து வாலையில் வடித்து எடுப்பது இன்னொன்று. அதைத்தான் இன்று சந்தன எண்ணெய் என்கிறோம். அதை ஒன்றிரண்டு துளி பாலிலோ சர்க்கரையிலோ சேர்த்து நீர்க்கடுப்புக்கும் வெட்டை நோய்க்கும் கொடுத்தார்கள். வியப்பு என்னவென்றால் ஐரோப்பாவும் இதே வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 1860-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஹெண்டர்சன் என்ற மருத்துவர் வெட்டை நோய்க்குச் சந்தன எண்ணெயைப் பரிந்துரைத்தார். பின்னர் பிரான்சிலிருந்து சாந்தால் மிடி என்ற பெயரில் குளிகைகள் உலகமெங்கும் விற்பனையாயின. 1930-களில் சல்பா மருந்துகளும், 1940-களில் பெனிசிலினும் வந்தபின் அந்தச் சந்தை முடிந்தது. இன்று எந்த மருத்துவரும் அந்நோய்க்குச் சந்தன எண்ணெயைத் தரமாட்டார், தரவும் கூடாது. தோலில் பூசுவதிலும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. பழைய நூலில் இருக்கிறது என்பதாலேயே ஒன்றைக் குடித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணெய் மரம் முழுவதிலும் இருப்பதில்லை. வெளிப்புற வெள்ளைக்கட்டைக்கு மணம் கிடையாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே உள்ளே வைரம் பாயத் தொடங்குகிறது. நல்ல வைரத்துக்கு முப்பது ஆண்டுகளாவது வேண்டும். வைரக்கட்டையைப் பொடித்து நீராவியில் இரண்டு மூன்று நாள் வடித்தால் எடையில் நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பங்கு எண்ணெய் கிடைக்கும். அதில் பெரும்பகுதி சந்தலால் என்ற ஆல்கஹால்கள். எளிதில் ஆவியாகாத பொருள் அது. அதனால்தான் வடிக்க நாட்கணக்கில் ஆகிறது. தோலில் பூசினால் மணம் நீடிப்பதும், கன்னௌஜ் அத்தர்காரர்கள் மல்லிகையையும் ரோஜாவையும் சந்தன எண்ணெயில் இறக்கிப் பிடித்து வைத்ததும் இதே காரணத்தால்தான். வேரில் எண்ணெய் அதிகம். எனவே சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும் வாய்ப்பு அத்தோடு போய்விடுகிறது.

இன்னொரு விசித்திரம். சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருந்தாலும் வேர்கள் பக்கத்துச் செடிகளின் வேர்களைப் பற்றி உறிஞ்சியே வாழ்கின்றன. ஜான் ஸ்காட் இதை 1871-ல் பதிவு செய்தார். சந்தனத்தை மட்டும் வரிசையாக நட்டுத் தோப்பாக்க நினைத்தவர்கள் தோற்றதன் காரணம் இதுதான். அதற்கு வேலியும் புதரும் அண்டைமரங்களும் வேண்டும். பறவைகள் பழத்தைத் தின்று விதையை முட்புதருக்குள் போடுவதுதான் அதன் இயல்பான நாற்றங்கால்.

இனி அரசுகள். மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுடைமை ஆக்கியது 1792-ஐ ஒட்டி என்பார்கள். அதே ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கம்பெனியிடம் வந்தன. கொடி மாறியது, மரம் அரசனுடையது என்ற எண்ணம் மாறவில்லை. 1882-ன் சென்னை வனச்சட்டமும் அதன் பின்வந்த விதிகளும் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. பிடுங்குவதும் விற்பதும் வனத்துறை. நிலக்காரருக்கு விலையில் ஒரு பங்கு. தன் வேலியில் சந்தனக் கன்று தலைகாட்டினால் பலர் அதைச் சத்தமின்றிக் கிள்ளி எறிந்தார்கள். மரம் வளர்ந்தால் லாபம் சிறிது. திருடு போனால் வழக்கு தன் தலையில்.

முதல் உலகப்போர் வரை இந்தியச் சந்தனக்கட்டையின் பெரும்பங்கு ஜெர்மனியில்தான் வடிக்கப்பட்டது. 1914-ல் அந்தச் சந்தை அடைபட்டதும் மைசூர் அரசின் கட்டைகள் தேங்கின. விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலம். இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையை வகுத்துக்கொடுக்க, 1916-ல் பெங்களூரிலும் 1917-ல் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. மைசூர் சாண்டல் சோப் அதன் பிள்ளை. தமிழகக் கட்டைகளோ சேலம், திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகளில் ஏலம் போயின. கட்டையின் தரப்பெயர்கள் சுவையானவை. முதல்தரம் ‘விலாயத் புத்’, இரண்டாவது ‘சைனா புத்’, மூன்றாவது ‘பஞ்சம்’. யாருக்காகப் பிரிக்கப்பட்டது என்பதை முதல் இரண்டு பெயர்களே சொல்லிவிடுகின்றன. மூன்றாவதைத் தமிழ்க் காதால் கேட்டால் சிரிப்புதான் வருகிறது.

மரத்துக்கு நோயும் வந்தது. 1899-ல் குடகில் முதலில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோயில் இலைகள் சிறுத்து விறைத்துக் கதிர்போல நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் சாகும். பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளையும் அது விடவில்லை. நோயும் கடத்தலும் சேர்ந்து, 1950-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 டன்னாக இருந்த இந்திய உற்பத்தி நூற்றாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது. விலை ஏறியது. விலை ஏற ஏறக் கடத்தல் பெருகியது. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட வீரப்பனின் பெயரோடு இந்தக் கதையை முடித்துக்கொள்வது நமது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தத் தைலத்தின் வரலாற்றில் முதலில் சொல்லவேண்டிய ஊர் வாச்சாத்தி.

சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில் உள்ள சிற்றூர் அது. 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. ஊரார் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றவாளிகள் என எழுதப்பட்டவர்கள் அவர்கள்தான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதால் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. சம்பவத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள். ஒரு சந்தனக் கன்றில் வைரம் முற்ற ஆகும் காலம்.

கபிலரின் குறத்தி அடுப்பில் வைத்த அதே விறகு, அவளைப் போன்ற மலைப்பெண்ணின் வீட்டில் இருப்பதாகச் சந்தேகிப்பதே அவளைச் சிதைக்கப் போதுமான காரணமாகிவிட்டது. இடையில் மரம் மாறவில்லை. சத்தியமங்கலம் பக்கத்தில் வீரப்பன் வேட்டையின் பெயரால் நடந்தவற்றை ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) நாவலாக்கியது. வாச்சாத்திக்கு அந்த அளவு வலுவான நாவல் ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

சட்டம் தாமதமாகவே இளகியது. 2002-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே உரியதாயிற்று. 2008-ல் அதற்கான விதிகளும் வந்தன. பிடுங்குவதும் விற்பதும் இன்னும் வனத்துறை வழியேதான். இதற்குள் ஆஸ்திரேலியாவின் குனுனுர்ராவில் நம் சந்தனம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டப்பயிராகி, அங்கிருந்து எண்ணெய் உலகச் சந்தைக்குப் போகிறது. இங்கோ சிறு உழவர்கள் வேலியோரத்தில் கன்று வைத்துப் பார்க்கிறார்கள். நாற்றங்காலில் பையிலேயே கன்றோடு ஒரு துவரைச் செடியையும் சேர்த்து வளர்க்கிறார்கள். வயலுக்கு வந்தபின் சவுக்கோ வேறு மரமோ பக்கத்தில் நிற்கவேண்டும். வைரம் பாயும் வயதில் மரத்தைத் திருடரிடமிருந்து காப்பது தனிச் செலவு. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் கன்று வைப்பதில்லை.