சரக்கைக் குறைத்து வளர்ந்த கடை

ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்குப் பேர்போனது. அங்கே எஸ்ஸன் நகரின் ஷொன்னெபெக்கில், சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே 1913ல் தொடங்கியது ஒரு சிறு மளிகைக் கடை. கணவர் சுரங்க வேலையை விட்டு, ரொட்டிக் கடையில் உதவியாளராக இருந்தவர். கடையை நடத்திக் குடும்பத்தைக் கரைசேர்த்தவர் மனைவி அன்னா அல்பிரெக்ட். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கிளைகள் கொண்ட ‘ஆல்டி’யின் வேர் இதுதான்.

மகன்கள் கார்லும் தியோவும் போர்முனையிலிருந்து திரும்பி, 1946ல் கடைப் பொறுப்பை ஏற்றார்கள். கையில் முதல் குறைவு. அதனால் சட்டென்று விற்றுப்போகும் சாமான்களை மட்டும் வாங்கி அடுக்கினார்கள். காசு சேர்ந்ததும் மற்ற கடைகளைப் போல எல்லாச் சரக்கும் வைக்கலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் விலை மலிவாக இருந்தால், நாலு சாமான் குறைவாக இருந்தாலும் கூட்டம் வரும் என்பதை அனுபவத்தில் கண்டார்கள். சரக்கைப் பெருக்கும் யோசனையையே கைவிட்டார்கள். ஆல்டியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு வேறில்லை.

அன்றைய சட்டப்படி கடைக்காரர் தரக்கூடிய தள்ளுபடி அதிகபட்சம் 3 சதவீதம். பெரிய கடைகள் அதற்குப் பதிலாகச் சிறு வில்லைகளைக் கொடுத்தன; அவற்றைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் கைக்கு வரும். அல்பிரெக்ட் சகோதரர்கள் அந்த 3 சதவீதத்தை விலையிலேயே கழித்தார்கள். கூலிக் காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு இது உடனடி ஆதாயம். விளம்பரம் கிடையாது, காய்கறி கிடையாது, விற்காத சரக்குக்கு இடமும் கிடையாது. 1960ல் கடைகள் 300.

அந்தச் சமயத்தில்தான் பாகப்பிரிவினை. கல்லா அருகே சிகரெட் விற்க வேண்டும் என்றார் தியோ. திருடர்களை இழுக்கும், வேண்டாம் என்றார் கார்ல். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு. 1962ல் வந்த ‘ஆல்டி’ என்ற பெயரை இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

சிக்கனத்தைக் கடைக்குள் கண்ணால் பார்க்கலாம். அட்டைப்பெட்டியின் முகப்பைக் கிழித்து, பெட்டியோடு அப்படியே வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் வேலை மிச்சம். கல்லாவில் இருப்பவர் விலைகளையோ சரக்கு எண்களையோ மனப்பாடமாக வைத்திருந்து, ஒரு கையால் பொருளை நகர்த்தி மறுகையால் தட்டிக்கொண்டே போவார். சரக்கு குறைவு என்பதால்தான் அது முடிந்தது. அந்த வேகத்தால் ஸ்கேனருக்கு அவசரப்படவில்லை. 2000க்குப் பிறகே கொண்டுவந்தார்கள். பொட்டலத்தைத் திருப்பித் தேட வேண்டாம் என்று பல பக்கங்களிலும் பட்டைக் குறியீட்டை அச்சிட்டார்கள்.

1971ல் தியோவைக் கடத்தி 17 நாள் அடைத்துவைத்தார்கள். 70 லட்சம் மார்க் கொடுத்தே மீட்க முடிந்தது. ஏற்கெனவே ஒதுங்கி வாழ்ந்த குடும்பம் அதன்பின் வெளியுலகின் கண்ணில் அரிதாகவே பட்டது. வியாபாரம் மட்டும் கடல் கடந்தது: 1976ல் தெற்கு ஆல்டி அமெரிக்காவில் கடை திறந்தது, 1979ல் வடக்குக் குடும்பம் அங்கே ‘டிரேடர் ஜோஸ்’ கடைகளை வாங்கியது.

தியோ 2010லும் கார்ல் 2014லும் இறந்தார்கள். இரண்டு ஆல்டிகளும் இன்றுவரை பங்குச் சந்தைக்கு வரவில்லை. குடும்ப அறக்கட்டளைகளே அவற்றின் உரிமையாளர்கள்.