எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 'லோ சுகர்': வெயிலின் மீது பழி போடும் முன்

உடல் எடையைக் குறைப்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்த பின்னர், உணவு உண்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையின் அளவு திடீரெனத் தாழ்ந்துவிடுகின்றது. நீரிழிவு நோயே இல்லாதவர்களுக்கும் இது ஏற்படலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் என்று வரும் இந்த அறிகுறிகள், வளைகுடா நாடுகளில் வெயிலின் பாதிப்பாகவே பெரும்பாலும் எண்ணப்பட்டுவிடக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

குவைத்தின் அஹ்மதி மாகாணத்தில், ஃபஹாஹீலுக்கு அருகே கடலோரமாக அமைந்துள்ள மங்காஃப், தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் பெருமளவில் வாழும் பகுதி. உலகிலேயே உடல்பருமன் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் குவைத்தும் ஒன்று. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையும் அங்கு பரவலாக நடைபெறுகின்றது. இச்சிகிச்சையை வசிக்கும் நாட்டிலேயே செய்துகொள்வோரும் உண்டு. விடுமுறையில் தாயகம் சென்று செய்துகொண்டு பணிக்குத் திரும்புவோரும் உண்டு. பின்னவர்களுக்கு, பிரச்சனை தலைதூக்கும் காலத்தில் அறுவை செய்த மருத்துவர் அருகில் இருப்பதில்லை.

குவைத்தின் கோடை வெப்பம் சாதாரணமானதல்ல. அந்நாட்டின் மித்ரிபாவில் 2016ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முற்பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை விதிக்கப்படுகின்றது. இத்தகைய சூழலில் ஒருவர் வியர்த்துத் தள்ளாடினால், காரணம் வெயில்தான் என்று அவரும் உடனிருப்போரும் முடிவு செய்வது இயல்பே.

இனிப்பே இறக்கத்துக்குக் காரணம்

'ஸ்லீவ்' எனப்படும் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது குழாய் போலாக்கப்படுகின்றது. 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' முறையில் சிறு பையாக்கப்பட்ட இரைப்பை, சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகின்றது. இரண்டிலுமே உணவு வழக்கத்தைவிட வேகமாகக் குடலைச் சென்றடைகின்றது.

அதனால் ரத்தச் சர்க்கரை வேகமாக உயர்கின்றது. குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, கணையத்தை அளவுக்கு அதிகமாக இன்சுலின் சுரக்கத் தூண்டுகின்றது. உயர்ந்த சர்க்கரை இறங்கிய பின்னரும் இன்சுலினின் வேலை ஓய்வதில்லை. விளைவாக, உண்டு 1 முதல் 3 மணி நேரத்தில் சர்க்கரை இயல்பு நிலைக்கும் கீழே சரிகின்றது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இது அதிகம் என்றாலும், ஸ்லீவ் செய்துகொண்டவர்களும் விதிவிலக்கல்ல.

பைபாஸ் செய்துகொண்ட 6 பேரிடம், உண்ட பின் மூளையின் செயல்பாட்டையே குழப்பும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்ததை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் மருத்துவ இதழொன்றில் விவரித்த பின்னரே இந்நிலை பரவலாகக் கவனிக்கப்பட்டது.

உண்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, முகம் சிவத்தல் ஆகியவற்றுடன் வரும் படபடப்பு வேறு. அது உணவு விரைந்து குடலில் இறங்குவதால் ஏற்படுவது. சர்க்கரை தாழ்வால் அல்ல. வெறும் வயிற்றில், அல்லது அறுவை முடிந்த சில மாதங்களிலேயே சர்க்கரை தாழ்ந்தால், வேறு காரணங்கள் உள்ளனவா என்று மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும்.

அளந்து பார்த்தால்தான் தெரியும்

வெயிலா, சர்க்கரையா என்பதைப் பிரித்தறிய எளிய வழி, அறிகுறி தோன்றும் அந்த நேரத்தில் விரல்நுனி ரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் சோதிப்பதே. 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் எச்சரிக்கை; 54க்குக் கீழே என்றால் ஆபத்து. இந்தியாவில் இந்த அளவு புழக்கத்தில் இருந்தாலும், குவைத் மருத்துவமனைகளின் அறிக்கைகளில் மில்லிமோல் அளவே காணப்படும். அதன்படி இவை முறையே 3.9 மற்றும் 3.0 ஆகும். மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்.

உண்ட உணவு, உண்ட நேரம், அறிகுறி தோன்றிய நேரம், அப்போதைய அளவு ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்குக் குறித்து வைத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். சோதனைப் பட்டைகளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் சென்றால் அவை கெட்டுப்போய்த் தவறான அளவைக் காட்டக்கூடும்.

உடனடியாகச் செய்யவேண்டியது

சர்க்கரை தாழ்ந்திருப்பது உறுதியானால் 15 கிராம் குளுக்கோஸ் போதுமானது. 4 கிராம் மாத்திரைகளாக இருந்தால் மூன்று அல்லது நான்கு. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். பதற்றத்தில் ஒரு பெரிய கோப்பை பழச்சாற்றையோ, கைநிறையப் பேரீச்சம்பழத்தையோ உட்கொண்டால், சர்க்கரை மறுபடி எகிறி, இன்சுலின் மறுபடி பொங்கி, ஒரு மணி நேரத்தில் அடுத்த சரிவு வரும். அளவு சீரானதும் அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை போன்ற புரத உணவை உண்பது இந்தச் சுழலைத் தடுக்கும்.

அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். சாதாரணச் சீனி குடலில் உடைபடுவதை அம்மருந்து தாமதப்படுத்துவதால், சீனி போட்ட தேநீர் அவர்களுக்கு உடனே பலன் தராது. தூய குளுக்கோஸ்தான் வேண்டும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, குவைத்தில் 112 என்ற அவசர எண்ணை அழைக்கவேண்டும்.

தட்டில் செய்யவேண்டிய மாற்றம்

இதற்கான முதல் சிகிச்சை உணவுமுறைதான். மூன்று வேளைப் பெருவிருந்துக்குப் பதிலாக, ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகள். ஒரு வேளைக்கு மாவுச்சத்து சுமார் 30 கிராமுக்குள் இருப்பது நல்லது. இரண்டு நடுத்தர இட்லியிலேயே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். முதலில் மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல், அடுத்து காய்கறி, சோறு அல்லது குப்பூஸ் கடைசியில், கொஞ்சமாக.

கஞ்சி, பழச்சாறு, சர்பத், சீனி மிகுந்த கரக் தேநீர் போன்ற திரவ உணவுகள் மிக வேகமாகக் குடலில் இறங்குவதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும். உணவின்போது நீர் அருந்தாமல் அரை மணி நேரம் கழித்து அருந்தலாம். ஆனால் கோடையில் மற்ற நேரங்களில் தண்ணீரைக் குறைத்துவிடலாகாது.

ரமலான் மாதம் தனிக் கவனத்துக்குரியது. நாள் முழுதும் நோன்பிருந்து, பேரீச்சம்பழம், சர்பத், நோன்புக் கஞ்சி என்று திறக்கும்போது சர்க்கரை உயர்ந்து சரிவதற்கான எல்லாச் சூழலும் ஒருங்கே அமைந்துவிடுகின்றது. அடிக்கடி சர்க்கரை தாழ்பவர்கள் நோன்புக்கு முன்பாகவே மருத்துவரைக் கலந்தாலோசிக்கவேண்டும்.

உணவுமுறை பலனளிக்காதபோது அகார்போஸ், அதற்கடுத்து டயசாக்சைடு, ஆக்ட்ரியோடைடு ஆகிய மருந்துகளை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களின் இன்சுலின் மற்றும் மாத்திரை அளவுகளும் எடை குறையக் குறைய மாற்றப்படவேண்டும். பழைய அளவிலேயே தொடர்வது தாழ் சர்க்கரைக்குத் தனியொரு காரணமாகிவிடும்.

வாகனம் ஓட்டுவோர் கவனத்துக்கு

அடிக்கடி சர்க்கரை தாழும் சிலருக்கு நடுக்கம், வியர்வை போன்ற முன்னறிவிப்புகளே காலப்போக்கில் மறைந்துவிடுகின்றன. அவர்களுக்கு முதல் அறிகுறியே குழப்பமாகவோ மயக்கமாகவோ இருக்கலாம். விரைவுச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு அது நேர்ந்தால் விளைவு அவரோடு நிற்காது. அத்தகையோர் ஓட்டப்புறப்படும் முன் அளந்து பார்ப்பதும், வழியில் அறிகுறி தோன்றினால் ஓரங்கட்டுவதும் அவசியம். சர்க்கரை சீரான பின்னும் முக்கால் மணி நேரம் பொறுத்தே ஓட்டவேண்டும் என்று நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிரிட்டனில் அறிவுறுத்தப்படுகின்றது. தொடர் கண்காணிப்புக் கருவியை உடலில் பொருத்திக்கொண்டால் சர்க்கரை சரியத் தொடங்கும்போதே எச்சரிக்கை கிடைக்கும்.

எந்த ஆண்டு, எந்த வகை அறுவை நடந்தது என்ற மருத்துவமனைக் குறிப்பின் நகலைக் கைப்பேசியில் வைத்திருப்பதும், உடன் தங்கியிருப்போரிடமும் மேற்பார்வையாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் பாதுகாப்பானது. மயங்கி விழுந்தவரைக் கண்டு வெயில் என்று நினைப்பவர்களில் ஒருவருக்காவது, சர்க்கரையையும் சோதிக்கவேண்டும் என்று அப்போது தோன்றும்.