'தி இந்து' முதல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வரை: 700 பத்திரிகைகளின் முகத்தை மாற்றிய மரியோ கார்சியா யார்?

ஆர்ட் டைரக்டர் என்றதும் நம்ம ஊரில் பலருக்கும் சினிமா செட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், தினமும் காலையில் வாசலில் வந்து விழும் நாளிதழுக்கும் ஆர்ட் டைரக்டர் உண்டு. எந்தச் செய்தி மேலே, எது கீழே, எந்தப் படம் பெரிசு, தலைப்பு எந்த எழுத்தில் என்று முடிவு செய்வதில் அவருக்கும் பங்கு உண்டு.

அந்த வேலையில் உலக அளவில் பேசப்படும் பெயர்களில் ஒன்று, மரியோ கார்சியா. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 700-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளின் வடிவமைப்பில் இவர் பங்கு உண்டு. அதில் சென்னையில் இருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழும் ஒன்று.

நாளிதழ் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை?

"எழுதுறது ரிப்போர்ட்டர், திருத்துறது சப்-எடிட்டர். அப்புறம் இவருக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம்.

ஒரு நாளிதழ் பக்கத்தில் பத்துக்கும் மேற்பட்ட செய்திகள் இருக்கலாம். வாசகருக்கு இருப்பதோ சில நிமிடங்கள். அதற்குள் அவர் கண் முதலில் எங்கே போகணும், அடுத்து எங்கே போகணும் என்று வழிகாட்டுவதுதான் வடிவமைப்பு. கடையில் மடித்து வைத்திருக்கும் பேப்பரில் மேல் பாதி மட்டும்தான் தெரியும். அங்கே என்ன வரணும் என்பது ஒரு முடிவு. ஒரு முக்கியச் செய்தியை உள்பக்க மூலையில் சின்ன எழுத்தில் போட்டால், அது அச்சாகியும் பலருக்கு அச்சாகாத மாதிரிதான்.

பத்திகளின் அகலம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, வெற்றிடம், நிறம் என எல்லாமே இந்த வேலைக்குள் வரும். மறுவடிவமைப்பு என்றால் இன்னும் பெரிய வேலை. ஆசிரியர் குழுவோடு பேசி, கையால் வரைந்து பார்த்து, மாதிரிப் பக்கங்கள் தயாரித்து, வாசகர்களிடம் காட்டி, அதற்குப் பிறகுதான் புதிய பேப்பர் வெளியே வரும்.

பெற்றோர் இல்லாமல் அமெரிக்கா வந்த சிறுவன்

கார்சியா 1947-ல் கியூபாவில் பிறந்தார். 1959-ல் அங்கே ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். புதிய ஆட்சியை நினைத்துப் பயந்த பெற்றோர் பலர், பிள்ளைகளை மட்டும் தனியாக அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றி அனுப்பினார்கள். 'ஆபரேஷன் பெட்ரோ பான்' என்று அழைக்கப்படும் இந்தத் திட்டத்தில், 1960 டிசம்பர் முதல் 1962 அக்டோபர் வரை 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். 1962-ல் வந்த கார்சியாவும் அவர்களில் ஒருவர்.

புது நாடு, புது மொழி. ஆனாலும் இதழியல் படித்து, முனைவர் பட்டம் வரை போனார். செய்தியாளராகத் தொடங்கி, பிறகு கல்லூரி ஆசிரியர் ஆனார். 1981-ல் நாளிதழ் வடிவமைப்பு பற்றி இவர் எழுதிய பாடநூல் வெளியானது.

அதற்கு அடுத்த வருடம், 1982 செப்டம்பரில், 'யுஎஸ்ஏ டுடே' வந்தது. கலர் படங்கள், பெரிய வானிலை வரைபடம், சின்னச் சின்னச் செய்திகள் என்று அது போட்ட போட்டில் மற்ற அமெரிக்க நாளிதழ்களும் தங்கள் தோற்றத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தன. வடிவமைப்பாளர்களுக்கு மவுசு கூடிய காலம் அது.

கண் எங்கே போகுது?

ஃப்ளோரிடாவில் உள்ள பாய்ன்டர் இன்ஸ்டிடியூட் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனம். அங்கேதான் கார்சியா, பெகி ஸ்டார்க்குடன் சேர்ந்து ஒரு முக்கியமான ஆய்வைச் செய்தார். முடிவுகள் 1991-ல் புத்தகமாக வந்தன.

வாசகர்களின் தலையில் சின்ன கேமரா பொருத்திய கருவியை மாட்டி, பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். கண் எங்கே முதலில் போகுது, எங்கே நிற்குது, எதைத் தாண்டிப் போகுது என்று பதிவு செய்தார்கள்.

கிடைத்த பதில் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கசப்பானது. பக்கத்தில் இருந்த புகைப்படங்களில் சுமார் 75%, தலைப்புகளில் சுமார் 56% வாசகர்களின் பார்வையில் பட்டன. செய்தியின் உடல்பகுதி சுமார் 25% மட்டும்தான். கலராக இருப்பதைவிட, படத்தில் என்ன இருக்கு, எவ்வளவு பெரிசு, எங்கே இருக்கு என்பதே முக்கியம் என்பதும் தெரிய வந்தது.

அதாவது, கஷ்டப்பட்டு எழுதிய செய்தியில் பெரும்பகுதி வாசகரிடம் போய்ச் சேரவே இல்லை. செய்தியை எழுதி முடித்த பிறகு அலங்காரம் செய்வது டிசைன் கிடையாது, முதலில் இருந்தே சேர்ந்து யோசிக்கணும் என்பது கார்சியாவின் வாதம். இதற்கு அவர் வைத்த பெயர் 'வெட்'. எழுத்து, எடிட்டிங், டிசைன் ஆகிய மூன்றுக்குமான ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கை இது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'மணம் முடிப்பது' என்றும் பொருள்.

மாற்றணும், ஆனா மாறக் கூடாது

பேப்பரின் தோற்றத்தை மாற்றினால் பழைய வாசகருக்குக் கோபம் வரும். 30 வருஷமாக ஒரே இடத்தில் இருந்த பகுதியைக் காணோம் என்றால், வேறு யாரோ வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். அதனால் எதை மாற்றுவது என்பதைவிட, எதைத் தொடக் கூடாது என்று தெரிவதுதான் பெரிய சவால்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதற்கு நல்ல உதாரணம். 1940-களில் இருந்து பெரிதாக மாறாத கறுப்பு-வெள்ளை முதல் பக்கம் அது. 2002 ஏப்ரலில் முதல் பக்கத்துக்குக் கலர் வந்தது. அந்த மறுவடிவமைப்பில் கார்சியாவும் பணியாற்றினார். ஆனால், புள்ளிகளாலும் கோடுகளாலும் வரையப்படும் அந்த நாளிதழின் அடையாளமான முகச் சித்திரங்கள் அப்படியே இருந்தன. பேப்பர் புதுசு, ஆனால் பார்த்ததும் ஜர்னல் என்று தெரிந்தது.

'தி இந்து' கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 1878-ல் தொடங்கிய இந்த நாளிதழின் முதல் பக்கத்தில் 1958 வரை விளம்பரங்கள்தான் இருந்தன, செய்தி உள்ளேதான். அப்படி நிதானமாக மாறும் வழக்கமுள்ள பேப்பர், கார்சியாவின் வடிவமைப்பில் புதிய தோற்றத்துடன் வந்த நாள் 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. எழுத்துரு, பக்க அமைப்பு, நிறப் பயன்பாடு எல்லாம் மாறின.

பேப்பரில் இருந்து செல்போனுக்கு

அச்சுப் பேப்பரில் பெயர் வாங்கிய ஒருவர், கடைசி வரை பேப்பரே சிறந்தது என்று சொல்வார் என எதிர்பார்க்கலாம். கார்சியா அப்படிச் சொல்லவில்லை. 2019-ல் வெளியிட்ட 'தி ஸ்டோரி' புத்தகத்தில் செல்போனில் செய்தி சொல்வது எப்படி என்பதைத்தான் பேசுகிறார். முதலில் சின்ன ஸ்க்ரீனுக்கு யோசி, அப்புறம் பெரிய ஸ்க்ரீன், அச்சு எல்லாம் என்பது அவர் கட்சி.

பேப்பர் பக்கத்தில் கண் மேலும் கீழும், இடமும் வலமும் தாவலாம். செல்போனில் அது முடியாது. விரல் ஒரே திசையில்தான் தள்ளும். அதனால் எழுத்து, படம், மறுபடி எழுத்து, வீடியோ என்று கதை வரிசையாக நகரணும் என்கிறார். ஊருக்குப் போன ஒருவர் வாட்ஸ்அப்பில் "வந்து சேர்ந்துட்டேன்" என்று எழுதி, ஒரு போட்டோ போட்டு, அடுத்து இரண்டு வரி எழுதுவது மாதிரி.

இது ஏன் முக்கியம்?

புயல் எச்சரிக்கையோ, தேர்வுத் தேதி மாற்றமோ, ஒரு தவறான செய்திக்கான திருத்தமோ, வெளியிட்டுவிட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது. அது கண்ணில் பட்டதா என்பதுதான் கேள்வி. பேப்பரில் மடிப்புக்குக் கீழே போனது எப்படியோ, அப்படித்தான் செல்போனில் ஐந்தாவது ஸ்க்ரோலுக்குக் கீழே போனதும். முக்கியமான விஷயத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் செய்தி ஆசிரியரின் பொறுப்புதான் என்பதை, கார்சியா அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.