பணி ஒப்பந்தத்தில் 'நடுவர்' நிபந்தனை: தொழிலாளர் நீதிமன்றத்தை நாட முடியாதா?

புதுடெல்லி: ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் தகராறு எழுந்தால் அதனை நடுவர் மட்டுமே விசாரிப்பார் என்ற நிபந்தனை, தனியார் நிறுவனங்கள் பலவற்றின் பணி நியமன ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பத்தியை நிதானமாகப் படிப்போர் குறைவு. எனினும், அதில் கையெழுத்திட்டதாலேயே தொழிலாளர் ஒருவர் தமது சட்ட உரிமைகளை இழந்துவிடுவதில்லை.

கிங்ஃபிஷர் விமான நிறுவன ஊழியர்கள் ஊதிய நிலுவை கோரி தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகியபோது, நிறுவனம் இந்த நிபந்தனையையே சுட்டிக்காட்டியது. 2012-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947 தொழிலாளர்களுக்கெனத் தனி உரிமைகளையும் தனி விசாரணை அமைப்புகளையும் உருவாக்கியிருந்தது. அவற்றின் இடத்தைத் தனியார் நடுவர் எடுத்துக்கொள்ள இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். அச்சட்டத்தின் 10ஏ பிரிவிலும் நடுவர் முறை இருந்தது. ஆனால், தகராறு எழுந்த பின்போ, எழும் நிலையிலோ இரு தரப்பும் விரும்பி எழுத்துமூலம் ஒப்புக்கொள்வது அது. வேலையில் சேரும் நாளிலேயே விதிக்கப்படும் நிபந்தனை அன்று.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது. ஊழியர் ஒருவரின் ஊதியம், பணிநீக்கம் தொடர்பான கோரிக்கைகள் உரிய சட்ட அமைப்புகளின் முன் இருந்த நிலையில், நிறுவனத்தின் மனுவை ஏற்று சென்னை உயர் நீதிமன்றம் நடுவரை நியமித்திருந்தது. அந்த உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், ஊழியருக்கு ரூ.5 லட்சம் வழக்குச் செலவுத் தொகை வழங்கவும் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

யார் 'தொழிலாளர்' என்பதே இங்கு முக்கியக் கேள்வி. பதவியின் பெயரை அல்ல, உண்மையில் செய்யும் பணியின் தன்மையையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ.18,000 வரை ஊதியம் பெறுவோரும் தொழிலாளரே. முன்பு இந்த வரம்பு ரூ.10,000 ஆக இருந்தது.

நிர்வாகப் பொறுப்பில் உள்ள மேலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பொதுவாக நடுவர் ஒப்பந்தம் அவர்களைக் கட்டுப்படுத்தும். ஆயினும், நிறுவனத்தின் ஊழியரையே நடுவராக அமர்த்த 2015-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை விதிக்கிறது. நடுவரின் தீர்ப்பை எதிர்க்க விரும்புவோர் அதனைப் பெற்ற 3 மாதங்களுக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அதற்கான காரணங்களும் மிகக் குறைவாகவே சட்டத்தில் அனுமதிக்கப்பட்டுள்ளன.