யானை கற்ற பாடம்

மட்டக்களப்பு வாவியின் வடபாலமைந்த ஏறாவூர், ஒரு காலத்தில் யானை பிடிப்போர்க்குப் பேர்பெற்ற ஊராகும். பணிக்கர் எனப்பட்ட சோனக வேட்டுவர் அங்கு வாழ்ந்தனர். தோலால் முறுக்கிய கயிறே அவர்தம் கருவி. காட்டு யானையின் பின்னே ஓசையின்றிச் சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டு, கயிற்றை மரத்திற் பிணித்துவிடுவர். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இவர்களது திறமையை வியந்து எழுதியுள்ளார். இவர்கள் பிடித்த யானைகள் தென்னிந்திய மன்னர்க்கு விலையாயின.

பிடிப்பது துணிவின் செயல். பழக்குவதோ பொறுமையின் செயல். இலங்கையில் யானை பழக்கிய முறையையும் அந்நூல் கூறுகின்றது. முதல் மூன்று நாள், அன்றித் தாராளமாக இரை கொள்ளும் வரை, யானையை அமைதியாக விட்டுவிடுவர். பழகிய யானையொன்றை அருகே கட்டி அதற்குத் தெம்பூட்டுவர். அதன்பின் ஒருவர் இரும்பு முனைக் கோலுடன் முன்னே நிற்பார். வேறு சிலர் அதன் முதுகைத் தடவி, மகனே, அப்பனே, தாயே என்று இரங்கிய குரலிற் பாடுவர். ஏறக்குறைய இரண்டு மாதத்திற் பாகன் தனியே ஏறிச் செலுத்தலாம். மூன்று நான்கு மாதத்தில் வேலைக்கும் அனுப்பலாம்.

இங்கே கோலும் உண்டு, கனிவும் உண்டு. இவ்விரண்டில் எது பாடத்தை நிலைபெறச் செய்தது? இத்தகைய வினாவைப் பிற்கால அறிஞர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தனர். அமெரிக்கரான தோர்ண்டைக், பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து வெளியே உணவு வைத்தார். தட்டித் தடவித் தற்செயலாகத் தாழை நீக்கிய பூனை, அடுத்தடுத்த முறைகளில் விரைந்து வெளிவந்தது. 1898ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளியாயின. இன்பந் தரும் விளைவு செயலை வலுப்படுத்தும். துன்பந் தருவது அதே அளவில் தளர்த்தும் என முதலில் அவர் கருதினார். 1930களில், மனிதரையும் சோதித்தபின், தண்டனைக்கு அத்துணை வலிமையில்லை எனத் தம் கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார்.

காரணம் எளிது. அடி, செய்யத் தகாததை மட்டும் சுட்டும். செய்யத் தக்கது எதுவென்று காட்டாது. நற்செயலை உடனடியாகத் தொடர்ந்து வரும் பரிசோ அதனைத் தெளிவாகக் காட்டிவிடும். பிழைக்காகப் பிரம்படி பெற்ற மாணவன் பிரம்புக்கு ஒளியக் கற்பான்; சரியாக எழுதிய வரிக்கு அப்பொழுதே பாராட்டுப் பெற்றவன் அடுத்த வரியையும் சரியாக எழுத முனைவான்.

பணிக்கரின் தொழில் இன்று ஓய்ந்துவிட்டது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. யானைக்குக் கிட்டிய கனிவு, காலிற் கட்டிய கயிற்றின் பின்னரே வந்தது. பிள்ளைகளுக்கு அக்கயிறு வேண்டுவதில்லை. கனிவிலிருந்தே அவர்தம் கல்வியைத் தொடங்கலாம்.